ஷாந்தன் போடாத கையெழுத்து

வாக்குமூலம் அளிப்பவர்: பேரின்பநாதன் ஜெயமலர், வயது 53, கணவரை இழந்தவர். தொழில்: ஆஸ்பத்திரிச் சமையல் பகுதி உதவியாளர். முகவரி: வீட்டு எண் 214, இரண்டாம் தளம், பெல்ட் லைன் சாலை, இர்விங், டெக்சாஸ். பதிவான நாள்: 20.10.1998 செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. இடம்: டாலஸ், சாட்சியப் பதிவு அறை. அவர் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஷ்யாமளா அப்படியே எழுதினார்.

என் சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு. 1985இல் என் மகன் ஷாந்தனுடன் இந்த நாட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே வந்து இங்கே எஞ்சினியராக இருந்த என் கணவர் 1993இல் மாரடைப்பால் காலமானார். எனக்கு வேறு பிள்ளைகள் இல்லை. எனக்கு ஆங்கிலம் பேச வரும். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன்.

என் மகனுக்கு இப்போது 25 வயது. பண்டத்தரிப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்து உதைத்தவன், இங்கே வந்த பின்பு அமெரிக்க ஃபுட்பாலில் கிக்கர் ஆனான். கிக்கர் என்றால் மற்றவர்களைப் போல ஓடி மோத வேண்டியதில்லை. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது மட்டுமே வேலை. பிராசஸ் ஸ்டாலியன்ஸ் அணியில் மூன்று வருடம் இருந்தான்.

இந்த வருடம் ஜனவரி 4ஆம் தேதி நடந்த முக்கியமான ஆட்டத்தில் கடைசி உதை தவறி, அணி தோற்றது. அதன் பின்பு ரேடியோவில் காலையும் மாலையும் அவன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி, என் சட்டையில் இருந்த குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, நான் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அதன் பின்பு மார்ச் மாதம் அணி அவனுக்கு ஒரு வருட ஒப்பந்தத்தை அனுப்பியது. அவன் கையெழுத்துப் போடவில்லை. தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்டான். அணி மாற்றவும் இல்லை, விடவும் இல்லை. எங்களுக்காக விளையாடு, இல்லாவிட்டால் யாருக்காகவும் விளையாடாதே என்று அவர்கள் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. ஜூலை 18ஆம் தேதி பயிற்சி முகாம் தொடங்கியபோது அவன் போகவில்லை. தன்னுடைய வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்துவிட்டான்.

அதிலிருந்து நாலு வாரம் அவன் என் வீட்டு சோபாவில் இருந்தான். கீழே கார் நிறுத்தும் இடத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடியிருப்பு அலுவலகத்தில் என்மேல் புகார் கொடுத்தார்கள். நான் குப்பை போடப் போனாலும் யாராவது பின்னால் வந்து, மகன் எப்போது சைன் பண்ணுவான் என்று கேட்டார்கள். எனக்குக் களைப்பாக இருந்தது. அதைத் தவிர வேறு சரியான சொல் தெரியவில்லை.

அந்த நாட்களில் அவன் மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். சப்பாத்துப் போடுவதை விட்டுவிட்டான். செருப்புத்தான். கீழே விழுந்த சாமானைக் குனிந்து எடுக்க மாட்டான். இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். சோம்பல் என்றும் தலைக்கனம் என்றும் நினைத்து ஏசினேன்.

அதன் பின்பு ஆகஸ்ட் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணியளவில் அணியின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் அதிகாரி மிஸ்டர் ஹாலோவே என் வீட்டுக்கு வந்தார். மகன் அப்போது வெளியே போயிருந்தான். அவர் மரியாதையாக நடந்துகொண்டார். நான் கொடுத்த மீன் ரோலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நியூ ஜெர்சியில் ஓர் அணி மகனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, ஆனால் ஒப்பந்தம் இல்லாத ஆளை மாற்ற விதியில் இடமில்லை, ஆகவே முதலில் எங்களிடம் கையெழுத்துப் போடட்டும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் காகிதம் வந்தால் சனிக்கிழமை காலையே அனுப்பிவிடுவோம் என்று சொன்னார். எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். மாற்றத்தைப் பற்றி முன்கூட்டி எழுதித் தர முடியாது, என் வார்த்தை போதும் என்றார். மூன்று பக்கக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. மகன் அங்கே போனால் அவன் பெயரை யாரும் ரேடியோவில் திட்ட மாட்டார்கள், நானும் வேலையை விட்டுவிட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம் என்று நினைத்தேன். என் ஆசையும் இதில் இருந்தது. அதை மறைக்கவில்லை.

மகன் வந்த பின்பு விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தேன். அவன் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

“நான் சைன் பண்ண மாட்டன் அம்மா. இதிலை ஒரு பொய் இருக்கு. வேறை டீமுக்கு ட்ரேட் எண்டு சொல்லுறதும் பொய்தான்.”

“எல்லாரும் பொய், நீ மட்டும் உண்மையோ தம்பி? எத்தினை நாளைக்கு இப்பிடிப் படுத்துக் கிடக்கப் போறாய்?”

“ப்ளீஸ் அம்மா. விடுங்கோ.”

இவ்வளவுதான் பேசினோம். காகிதத்தில் பொய் இருக்கிறது என்று அவன் சொன்னதை நான் காதால் கேட்டேன். எது பொய் என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மகனுடைய கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ரசிகர்களுக்கு அனுப்பும் படங்களில் அவன் என் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் கையெழுத்துப் போடுவான், மை காயும்வரை நான் அவற்றைப் பரப்பி வைப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், நோயாளிகள் என்ன உணவு வேண்டும் என்று குறிக்கும் சீட்டின் பின்பக்கத்தில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். அதன் பின்பு ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் போட்டேன். கையெழுத்துக்கு மேலே இருந்த சிறிய எழுத்துக்களை நான் வாசிக்கவில்லை. மூன்று பத்துக்கு பெல்ட் லைன் சாலையில் உள்ள நகல் எடுக்கும் கடையிலிருந்து மிஸ்டர் ஹாலோவே தந்த எண்ணுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். என்னை யாரும் தூண்டவில்லை. மகனுக்கு இது தெரியாது.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். ஆறு மணிச் செய்தியில் ஷாந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று சொல்லி, அந்தப் பக்கத்தையும் காட்டினார்கள். மகன் சோபாவில் இருந்து அதைப் பார்த்தான். அதன் பின்பு திரும்பி என்னைப் பார்த்தான். நான் அகப்பையுடன் நின்றேன். அந்நேரம் டெலிபோன் அடித்தது. அவனுக்காக அணிகளிடம் ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட் பேசினார். இது உன் கையெழுத்தா, இல்லை என்றால் இப்போதே சொல், நிறுத்திவிடலாம் என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. மகன் என்னைப் பார்த்துக்கொண்டே, “யெஸ், ஐ சைன்ட் இட்” என்றான். போனை வைத்துவிட்டு, பசிக்குது, சோறு போடுங்கோ என்றான். போட்டேன். சாப்பிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை யாரும் அவனை நியூ ஜெர்சிக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் முகாமுக்குப் போனான். நான் மிஸ்டர் ஹாலோவேயின் அலுவலகத்துக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை அவரே எடுத்து, நிலைமை மாறிவிட்டது மேடம் என்று சொன்னார். மீன் ரோல் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

அதன் பின்பு செப்டம்பர் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள். சமையல் பகுதியில் இருந்த சிறிய தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடியது. நாலு பகுதியாக நடக்கும் ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் மகன் ஒரு பந்தை உதைத்தான். பந்து சரியாக நடுவே போனது. அவன் போன பந்தைப் பார்க்கவில்லை. உதைத்த இடத்திலேயே பக்கவாட்டில் விழுந்தான். அவன் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை, யாரும் அவனை இடிக்கவில்லை. என்னுடன் வேலை செய்யும் பெண், வழுக்கியிருப்பான் என்றாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என்னிடம் பேசினார். வலது இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது, ஆனால் இது இன்று தொடங்கியதல்ல, எட்டு ஒன்பது மாதப் பழைய விரிசல் என்று சொன்னார். போன டிசம்பரிலேயே அணியின் டாக்டர் இதைக் கண்டு, வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு ஆட விட்டிருக்கிறார் என்பதை மகனுடைய ஏஜென்ட் அதன் பின்பு சொன்னார். ஜனவரியில் அந்தக் கடைசி உதையும் ஊசி போட்ட காலால் உதைத்ததுதான். மகன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கலாம். நான் கவலைப்படுவேன் என்றும் இருக்கலாம்.

(இந்த இடத்தில் சாட்சி தண்ணீர் கேட்டார். “ஆண்ட்டி, தண்ணி குடிச்சிட்டு மெதுவா சொல்லுங்க, அவசரம் இல்ல” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதன் பின்பு சாட்சி தொடர்ந்தார்.)

சத்திரசிகிச்சையில் மூன்று திருகாணி வைத்தார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி அணி அவனை நீக்கிக் கடிதம் அனுப்பியது. எனக்கு உடம்பில் எந்தக் காயமும் இல்லை, எதையும் மறைக்கவில்லை என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் நீயே உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், ஆகவே இந்தக் காலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்தது. நான் வாசிக்காமல் விட்ட சிறிய எழுத்துக்கள் அவைதாம். மகன் சொன்ன பொய்யும் அதுதான். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லித்தான் மார்ச்சிலிருந்து கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கிறான். அவர்கள் எடுக்கவில்லை என்பதால்தான் வேறு அணி கேட்டிருக்கிறான்.

காலுக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கில் மகன் இன்றுவரை தன் வக்கீலிடமும் அது தன்னுடைய கையெழுத்து என்றே சொல்லி வருகிறான். அப்படியே எழுதியும் கொடுத்திருக்கிறான். நான் இப்போது சொல்வதால் அவன் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும் என்று தெரியுமா என்று இங்குள்ள அலுவலர் கேட்டார். தெரியும். என்மேல் வழக்கு வரலாம் என்று தெரியுமா என்று கேட்டார். அதுவும் தெரியும். டிசம்பர் 3ஆம் தேதி என் குடியுரிமை நேர்காணல் இருக்கிறது. அது தள்ளிப் போனாலும், இல்லாமலே போனாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காயம் இல்லை என்று எழுதிய அந்த வரியின் கீழே இருப்பது என் கை. என் மகன் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. இதை எழுத வேண்டும் என்பதற்காகவே வந்தேன்.

மகன் இனி விளையாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறான். நேற்று மாலை நான் இங்கே வரப் போவதாகச் சொன்னேன். “அம்மா, என்ரை கால் போனது போனதுதானே. உங்களையும் ஏன் பிடிச்சுக் குடுக்கோணும்? டோன்ட் கோ” என்றான். அவன் சொல்லிக் கொடுத்து வந்தீர்களா என்று அலுவலர் கேட்டதற்கு என் பதில் இதுதான். காலையில் எழும்பிப் பார்த்தபோது கார்ச் சாவியைக் காணவில்லை. கேட்டேன். தெரியாது என்று சுவரைப் பார்த்தபடி சொன்னான். அவனுக்குத் தேநீர் போட்டு வைத்துவிட்டு, ஆறரை மணிக்கு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தேன்.

நான் சொன்னதை ஷ்யாமளா எனக்குத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எவரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை. இவை அனைத்தும் நடந்தவை, நடந்தபடி சொன்னவை என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் பெயரை எழுதுகிறேன்.

(ஒப்பம்) பே. ஜெயமலர்