தங்கையின் கணக்கில் நுழைய முயன்றமை

பெயர் ஆதம்பாவா றமீஸா. வயது முப்பத்தெட்டு. தொழில் தையல். முகவரி வாவிக்கரை ஒழுங்கை, காத்தான்குடி. யாரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையம் வந்து சொல்வதாவது:

என் தங்கை முப்லிஹா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நோன்புப் பெருநாளுக்குப் பின் அவளிடமிருந்து ஒரு கதையும் இல்லை. அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரரிடம் கேட்டபோது, அவள் வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்றார். கோழிக்கே பயப்படுகிற பிள்ளை எங்கே ஓடும்? அதன் பின், அவள் பாவிக்கும் சமூக வலைத்தளக் கம்பெனிக்கு, கடைசியாக அவள் எங்கிருந்து கணக்கைத் திறந்தாள் என்று கேட்டு எழுதினேன். பாவனையாளரின் தகவலை மூன்றாம் நபருக்குத் தர முடியாது, பொலிஸார் முறைப்படி கேட்டால் பார்ப்போம் என்று பதில் வந்தது. ஒரே வயிற்றில் பிறந்த, அவள் ‘ராத்தா’ என்று கூப்பிடும் அக்கா நான் மூன்றாம் நபராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பின் போன் கடை நௌஷாட்டிடம் போனேன். ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் அப் ஒன்று அவரிடம் இருந்தது. “முந்தி இந்த அப் கேட்டதெல்லாம் கம்பெனிக்காரங்க அள்ளிக் குடுத்தாங்க ராத்தா, இப்ப பூட்டிட்டாங்க. பாஸ்வேர்ட் இருந்தா மட்டும் ஒருக்கா பாக்கலாம்” என்றார். அவளுக்குக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவளே நான் என்பதால் பாஸ்வேர்டைச் சொன்னேன். அவர் போட்டதும், தங்கையின் போனில் அனுமதி கேட்கப்பட்டிருப்பதாகத் திரையில் வந்தது. சற்று நேரத்தில், ‘இது நான் இல்லை’ என்று கணக்குக்காரர் மறுத்துவிட்டதாக வந்தது.

யா அல்லாஹ், அந்தப் போனை யாரோ கையில் வைத்திருக்கிறார்கள். அந்த அப் வேறு ஏதோ நாட்டிலிருந்து நுழைவதாகத்தான் அங்கே காட்டியிருக்கும் என்று நௌஷாட் சொன்னார்.

“அப்ப என்ட போனாலயே போடுறன். எங்கட மட்டக்களப்பு எண்டு காட்டட்டும், அவளுக்கு விளங்கும்” என்றேன்.

“கணக்கு லொக் ஆகிரும் ராத்தா, வேணாம்.”

“ஆகட்டும்!”

என் போனில் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அதன் பின் ‘இது நான்தான்’ என்று அனுமதி கிடைத்து, கணக்கு திறந்தது. “முப்லி, ராத்தாதான்” என்று எழுதி அனுப்ப முதலே என்னை வெளியே தள்ளி மூடிக்கொண்டது. பிறகு எத்தனை தரம் போட்டும் பதில் இல்லை.

போன் அந்த வீட்டு எசமானியின் கையில் என்றால் எனக்குத் திறந்து விடுவாளா? திறந்தது என் உயிரோடிருக்கும் தங்கை. மூடியது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி எனக்குச் சொல்லாது, உங்களுக்குச் சொல்லும். கடவுச்சொல்லைக் கொடுத்தது குற்றமென்றால் என்னைப் பிடியுங்கள், முதலில் இன்றைக்கே அவர்களுக்கு எழுதுங்கள்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, ஓரிடம் தவிர. ‘காணாமற்போன தங்கை’ என்று எழுதப்பட்டிருந்ததை வெட்டச் சொல்லி, ‘உயிரோடிருக்கும் தங்கை’ என்று எழுதுவித்த பின்பே ஒப்பமிடுகிறேன்.

ஆ. றமீஸா