ஓ.டி.யைப் பெர்மனென்ட் ஆக்குங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், அதோடு வல்லம் சாலையில் ஒரு முழு லாட்ஜையும் தாங்கும் அன்புக்குரிய விஜயராகவன் ஐயா அவர்களே. ஊசி குத்திய பிறகும் நாய்கள் வாலாட்டுகின்ற அதிசய மருத்துவர் ஜாஸ்மின் அம்மா அவர்களே. கம்பெனி ஆட்களை ஏற்றும் வேனில் அடிபட்ட நாய்களையும் ஏற்றி, அந்த வாசனையை இன்றுவரை போகாமல் காத்துவரும் எங்கள் காப்பகத்தின் நிறுவனர் டில்லிபாபு அண்ணன் அவர்களே. வீட்டில் பால் ஏன் குறைகிறது என்று தெரிந்தும் கேட்காத தாய்மார்களே. முதல் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்து தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே. தூங்கியே விட்ட இரண்டாம் வரிசை அண்ணனே. அழைப்பிதழ் இல்லாமலே வந்து மேடைக்கு அடியில் படுத்திருக்கும் நான்கு கால் நண்பர்களே. உங்கள் அனைவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிவதனியின் பணிவான வணக்கம்.

பணிவு என்றதும் என் வகுப்புப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிங்கடா. பரீட்சைக்கு என் பக்கத்தில்தானே உட்காரணும்.

காப்பகம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காப்பு, அகம். காப்பு மட்டும் மாட்டினால் அது காவல் நிலையம். அகமும் கிடைத்தால்தான் காப்பகம். கூண்டு கட்டுவது எளிது. குழைத்துச் சோறு போடுவது எளிது. கூண்டிலிருந்து ஒரு குடும்பத்துக்கு அனுப்புவதுதான் கடினம். புதிதாக வரும் நாயைத் தனியே வைக்கிறோம், அதன் நோய் அடுத்ததற்குத் தொற்றக் கூடாது என்று. தடுப்பூசி போடுகிறோம். கருத்தடை செய்கிறோம். பிறகு ஓயாமல் வீடு தேடுகிறோம். ஒன்று வெளியே போனால்தானே, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் இன்னொன்று உள்ளே வர முடியும்? எங்கள் கொட்டகை பஸ் டெப்போ அல்ல, பஸ் நிறுத்தம். ஏறிப் போவதற்குத்தான் நிறுத்தம்.

ஆனால் கண்ட வண்டியில் ஏற்ற மாட்டோம். வீட்டின் உரிமையாளர் வாய் திறந்து சரி சொன்னால்தான் நாயைக் கொடுப்போம். வாடகை வீட்டுக்கு ஒளித்துக் கொண்டுபோன குட்டிகள் எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பி வந்த வருத்தத்தில் பிறந்த விதி அது. ஐயா, இந்த விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இனி ஓ.டி.யின் கதை. ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றால் அதற்குப் பெயர் என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். ஆமாம், ஓவர்டைம், அதாவது ஓ.டி. எல்லோரும் பஸ் ஏறிப் போன பிறகும் ஒரு கம்பெனி வாசலில் நின்றுகொண்டே இருந்தாள் ஒரு கறுப்பு நாய். செக்யூரிட்டி வைத்த பெயர்தான் ஓ.டி. ஒருநாள் யாரையோ தேடி, புறப்பட்ட பஸ்ஸின் பின்னால் ஓடினாள். லாரி இடித்தது. டில்லிபாபு அண்ணன்தான் அள்ளிக்கொண்டு வந்தார்.

கால் ஆறியது. சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல ஒண்ணும் இல்ல மதி. இவ யாரையோ தேடிக்கினு கீறா. சீக்கிரம் ஒரு வூடு அமையணும். இல்லேன்னா என் மருந்து வேலைக்கு ஆவாது."

உடனே ஒரு நோட்டீஸ் எழுதினேன். கவிதை கலந்து எழுதியதாக எனக்கு நினைப்பு. "ஓ.டி.யைப் பெர்மனென்ட் ஆக்க ஆள் தேவை. மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்." மேலே அவள் படம். கறுப்பு நாயைக் கறுப்பு மையில் அச்சடித்தால் என்ன தெரியும்? இருட்டு தெரியும். கம்பெனிகள் நிறைந்த நம் ஒரகடத்தில், சுவரில் ஓ.டி., பெர்மனென்ட், ஆள் தேவை என்று மூன்றும் சேர்ந்து இருந்தால் என்ன நடக்கும்?

மறுநாள் காலை அண்ணன் போனில் கத்துகிறார். "இன்னா மதி எழுதி வச்சிகீற? கேட்டாண்ட ஜனம் பயோடேட்டாவோட நிக்குது. ஒருத்தர் மெடிக்கல் எப்பன்றாரு."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்த வரிசையின் கடைசி ஆளைப் பார்க்கும்வரை. கையில் ஃபைல். பெயர் சுடலைக்கண்ணு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். "ஏம்மா, பெர்மனென்ட் வேலைன்னு போட்டிருந்தியளே, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னே உள்ளே ஒரு கம்பி அதிர்ந்தது. அத்தனை நாளாக எழாத ஓ.டி., தள்ளாடித் தள்ளாடி, ஓடி வந்தாள்.

ஃபைல் கீழே விழுந்தது. அவர் குனிந்தார். "ஏட்டி, நீ இங்கயா கெடக்க? ஒன்னய எங்கெல்லாம் தேடுனேன்."

அந்தக் கம்பெனி வாசலில் தன் இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தினமும் அவளுக்கு வைத்தவர் அவர்தான். கான்ட்ராக்ட் முடிந்து வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். நாய்க்கு யார் சொல்வது, உன் ஆளின் கான்ட்ராக்ட் முடிந்தது என்று?

அன்று முதல் அவர் கையால் வைத்தால் சாப்பிடுகிறாள். அவர் வராத நாள் தட்டு அப்படியே கிடக்கிறது. எலும்பு தெரிகிறது. அவரோடு அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அவர் இருப்பது ஆறு பேர் தங்கும் லாட்ஜ் அறை. வாசலில் பலகை: நாய் அனுமதி இல்லை.

யோசித்துப் பாருங்கள். பங்களாவில் வளரும் நாய் பகலெல்லாம் தனியே கிடக்கிறது. அந்த அறையிலோ ஒருவர் போக ஒருவர் வர, மூன்று ஷிஃப்டும் ஆள் உண்டு, அரவம் உண்டு, அன்பு உண்டு. தனிமை இல்லாத வீடு இந்தத் தாலுகாவிலேயே அதுதான். அறையில் மற்ற ஐந்து பேரும் சரி சொல்லிவிட்டார்கள். ஒரே ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்த லாட்ஜின் உரிமையாளர் இன்று நம் நடுவே, மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கிறார்.

ஐயா, நீங்கள் தலையாட்டுகிறீர்களா, கொசுவை விரட்டுகிறீர்களா? என்ன கேட்கிறீர்கள்? "குலைக்குமாம்மா?" என்கிறார். இல்லை ஐயா. அந்த அறையின் குறட்டையைக் கேட்டு அவள்தான் பயப்பட வேண்டும்.

"மாடியில துணி காயப்போடுற இடத்துக்கு மட்டும் வரப்படாது." கேட்டீர்களா? நிபந்தனை போட்டுவிட்டார் என்றால் நியமனம் ஆகிவிட்டது. கை தட்டுங்கள். இரண்டாம் வரிசை அண்ணனே, எழுந்து தட்டுங்கள்.

நாய்க்கு நன்றி உண்டு என்று கட்டுரை எழுதியே மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். இன்று நம் முறை. பலகையைத் திருப்பி வைக்கப்போகும் ஐயாவுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கு நன்றி. அதோ, நாளைக் காலை முதல் ஷிஃப்ட் என்று சுடலைக்கண்ணு அண்ணன் கிளம்புகிறார். அவர் எழுந்ததும், டில்லிபாபு அண்ணன் பக்கத்தில் கயிற்றோடு படுத்திருந்த ஓ.டி.யும் எழுந்துவிட்டாள். வந்த எல்லோருக்கும் என் வணக்கம்.

டில்லிபாபு அண்ணா, கயிற்றை விடுங்கள். அவள் ஷிஃப்ட் முடிந்தது.