ஒரே தட்டு

பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் ஒருவரின் நாடகத்தைத் தமிழாக்கி, ஆலத்தியூர் நாடகக் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். என் மொழிபெயர்ப்பில் அதுவரை எவரும் குறை கண்டதில்லை. அரியலூர் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்த இரு இளைஞர்கள் அதில் நடிப்பவர்கள் என்பது அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. அவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

“கழுத்த நெரிக்கிற சீனுக்கு அப்பா ஒண்ணும் சொல்லலடா செல்வம். நாம ஒரே தட்டுல சாப்புடுற சீனத்தான் எடுத்துடச் சொல்றாரு.”

“யாரு கழுத்த யாரு நெரிக்கிறது?”

“நான் உன்னோடத.”

“அதுக்கு அவரு என்ன சொல்லப்போறாரு.”

“ரெண்டு தட்டா வச்சுக்கலாம்டா. இல்லன்னா வூட்ல நடிக்கவே விடமாட்டாங்க.”

“நாடகத்த எழுதுன மனுசன் அவரு நாட்டுல வெள்ளைக்காரனையும் கறுப்பனையும் சேத்து மேடையேத்துனாருன்னு பாஸ்போர்ட்டையே புடுங்கிட்டாங்க. உனக்கு அப்பா திட்டுறதுக்கே ரெண்டு தட்டு வேணுமா?”

“அவரு எழுதுனதுல இந்தச் சீனே கெடயாதாம். தமிழ்ல எழுதுன வாத்தியாருதான் வேணும்னே சொருகிட்டாருன்னு அப்பா சொல்றாரு. அவருகிட்டப் போயி எடுக்கச் சொல்லுவோம், வா.”

“நீ போயிட்டு வா. ரெண்டு தட்டுன்னா எனக்குப் பதிலா வேற ஆளப் பாத்துக்க.”

அரியலூரில் இருவரும் ஆளுக்கொரு வாசலில் இறங்கிப் போனார்கள்.

அந்தக் காட்சியை நான் சேர்க்கவில்லை. மூலத்திலேயே தட்டு ஒன்றுதான்; அதை இரண்டாக்க எனக்கு உரிமை இல்லை.