பெருமூச்சு விடற இடம்

— இல்ல மேடம், நான் பக்கத்துல இருந்தாதான் சித்தப்பாவுக்குப் பேச்சே வரும். சுருக்கமா சொன்னா, அவருக்கு வாயே நான்தான்.

— புரியுது சார். ஆனா என் ஆபீஸ்ல ஒரு வழக்கம். பத்திரம் எழுத வர்ற பெரியவங்ககிட்ட நான் தனியாதான் பேசுவேன், துணைக்கு வந்தவங்க வெளிய உக்காரணும். ஃபேன் இருக்கு, பேப்பர் இருக்கு.

— அஞ்சு நிமிஷம்தானே? சித்தப்பா, சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல?

— இருக்குடா. கதவைச் சாத்திட்டுப் போ.

— சரி ஐயா, இப்ப நீங்க சொல்லுங்க. எதுக்கு வந்திருக்கீங்க?

— "என் வீட்டை என் அண்ணன் மகனுக்கு முழு மனசோட, யாரோட வற்புறுத்தலும் இல்லாம, தானமா எழுதிக் குடுக்கறேன்." இங்க பெருமூச்சு.

— என்னது?

— இந்த இடத்துல பெருமூச்சு விடணும்னு சொல்லியிருக்கான். விட்டுட்டு உங்களைப் பாக்கணுமாம். பாத்துட்டேன்.

— ஐயா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?

— நாடகக் கம்பெனியில வசனம் எடுத்துக் கொடுக்கறவன். நாப்பது வருஷம் திரைக்குப் பின்னாடி நின்னேன். எவன் எந்த வரியில திணறுவான்னு மூச்சை வெச்சே சொல்லிடுவேன். இந்தப் பய எழுதின வசனம் ரொம்ப மோசம் வக்கீலம்மா. முழு மனசு இருக்கறவன் எவனாவது "முழு மனசோட"ன்னு சொல்லுவானா?

— சிரிக்க வைக்காதீங்க, நான் எழுதணும். அவர் வசனம் போதும். உங்களுக்கு என்ன வேணும்?

— என் ஹால் வேணும்.

— ஹாலா?

— ஞாயித்துக்கிழமைன்னா என் நாடகக் கூட்டாளிங்க ஏழு பேருக்கும் அங்கதான் ஒத்திகை. எழுபது வயசு கதாநாயகி, கண்ணாடி இல்லன்னா சிம்மாசனமே தெரியாத ராஜா, இப்படி. போன வருஷம் எனக்கு முட்டி ஆபரேஷன். கவனிச்சுக்கறேன்னு இவன் வந்தான். "சித்தப்பாவுக்கு ஓய்வு வேணும்"னு முதல்ல அவங்களை அனுப்பிட்டான். அப்புறம் என் போன் அவன் பாக்கெட்டுக்குப் போச்சு. அப்புறம் மாத்திரை மயக்கத்துல பவர் பத்திரத்துல கையெழுத்து. இப்ப வீடு.

— மிரட்டினாரா?

— சேச்சே. வேளாவேளைக்குச் சோறு போடுவான். போடும்போதே "நான் இல்லன்னா உங்களுக்கு யாரு இருக்கா"ம்பான். தினம் கேட்டா நமக்கே அது நெஜம் மாதிரி ஆயிடுது.

— சட்டம் பாக்கறதே அதைத்தான் ஐயா. அடி, மிரட்டல்லாம் வேணாம். தன்னை நம்பிக் கெடக்கற ஒருத்தர்கிட்ட, அந்த நம்பிக்கையை வெச்சே எழுதி வாங்கினா செல்லாதுன்னு வாதாடலாம். ஆனா எழுதிக் குடுத்துட்டா அப்புறம் கோர்ட்டுக்கு நடக்கணும், உங்க முட்டியோட.

— எழுதவே மாட்டேன். அந்தப் பவரையும் ரத்து பண்ணுங்க.

— என் முகத்தைப் பாத்து சொல்லாதீங்க. நானும் எடுத்துக் கொடுக்கக் கூடாதுல்ல?

— அட, தொழில் தெரிஞ்ச ஆளு. சரி, ஜன்னலைப் பாத்து சொல்றேன். ரத்து பண்ணுங்க.

— பண்ணிடுவோம். இந்தக் காகிதத்தை நிதானமா படிங்க, பிடிச்சா கையெழுத்து போடுங்க.

— மேடம், கதவைத் தெறந்ததுக்கு மன்னிக்கணும். அஞ்சு நிமிஷம்னு முக்கால் மணி ஆச்சு. சித்தப்பா, எல்லாம் சொன்னீங்களா?

— ஒரு வார்த்தை விடலடா. பெருமூச்சு கூட விட்டேன். அப்புறம் உன் பவரை ரத்து பண்ணிக் கையெழுத்து போட்டேன். வீடும் உனக்கு இல்ல. என் போனைக் குடு.

— என்ன சித்தப்பா இது? மேடம், தனியா உக்கார வெச்சு நீங்கதான் அவர் மனசைக் கலைச்சுட்டீங்க. சுருக்கமா சொன்னா, இதுக்குப் பேருதான் வற்புறுத்தல்.

— அவங்களை ஏன்டா சொல்ற? வக்கீல்கிட்ட போலாம்னு சொன்னது யாரு?

— நான்தான். எனக்கே தோணுச்சு.

— தானா தோணுச்சா?

— ஆமா. நீங்க ஷேவ் பண்றப்ப முனகினீங்களே... "வக்கீல் முன்னாடி தனியா சொல்லிட்டா அப்புறம் எவனும் கேள்வி கேக்க முடியாது, நமக்கெதுக்கு அதெல்லாம்"னு. நாலு நாள் அதையேதான்...

— அஞ்சாம் நாள் "சித்தப்பா, எனக்கு ஒரு யோசனை"ன்னு நீ வந்த. இவங்க கார்டு எங்க கெடச்சுது?

— பேப்பருக்குள்ள இருந்துச்சு.

— முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க வர்ற பொண்ணு குடுத்துச்சு. துணைக்கு வந்தவங்களை வெளிய உக்கார வைக்கிற வக்கீலாம். நீ முதல்ல பாக்கற பக்கத்துல நான்தான் வெச்சேன். பேசறவனுக்கு அது சொந்த வசனம்னே தோணணும்டா, அதான் என் தொழில்.

— ஐயா, அப்ப இவர் உங்களை இங்க கூட்டிட்டு வரல...

— ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வாங்க வக்கீலம்மா. நீயும் வாடா, வில்லன் இடம் காலி, உனக்குப் பெருமூச்சு நல்லா வருது. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, நல்லா யோசிச்சு சொல்லுங்க பாப்போம்: இதுல யாரு யாரை வற்புறுத்தினது?