நாலு பிறை பார்த்த மாப்பிள்ளை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று எனக்கு இரண்டு வெங்காய மண்டி. எல்லாம் இந்தக் காதால் வந்தது. ஒரு பேச்சையும் விடாது. மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பேகம்பூர் அண்ணன் தம்பி இருவர்.

“ஏலே, நோன்புப் பிறை நாலு தெரியுதுன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஏன் சொன்ன?” என்றான் அண்ணன்.

“தெரிஞ்சுச்சு, சொன்னேன்.”

“குடிச்சிருக்கான்னு மாமா நிக்காவையே நிறுத்திட்டாரு. இப்பத்தான டாக்டர் சொல்றாரு, கருவிழி உருண்டையா இல்லாம கூம்பாத் துருத்திருக்காம். அதான் ஒண்ணு நாலாத் தெரியுதாம். இத மாமாகிட்டச் சொல்லிருவோம்.”

“குடிகாரன்னா என்னைக்காச்சும் திருந்திருவான்னு பொண்ணு குடுத்தாலும் குடுப்பாருண்ணே. கண்ணு நோவுன்னா குடுப்பாரா?”

“அப்பக் குடிகாரனாவே இருந்துக்கிறியா?”

தம்பி சட்டென்று அண்ணன் கையைப் பிடித்தான்.

“வேணாம்ணே, கண்ணுன்னே சொல்லிரு. இல்லேன்னா கட்டிக்கிட்ட பெறகு அவ தெனமும் என் வாயை மோந்துல்ல பாப்பா!”

பஸ்ஸே சிரித்தது. பேகம்பூர் வந்ததும் அண்ணன் எழுந்தான்.

“வா, வீட்டுக்குப் பெறகு போவோம். மொதல்ல மாமா கடைக்கு.”