கதவு நின்ற பிறகு பூட்டு

மேடையிலிருக்கும் மலையுச்சி நிலையத்தாரே, நரின் ஊர்ப் பக்கத்திலிருந்து கணவாயைத் தாண்டி வந்திருக்கும் உறவினர்களே, என்னோடு பனி வாரும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும்.

நம் எல்லோருக்கும் எஜேயாக, மூத்த அக்காவாக இருந்து மறைந்த பொறியாளர் புருலாய் எஜேயைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? கணவாய்ச் சாலையில் பனி வாரும் குழுவின் தலைவன் நான். கணினிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நான் உயிரோடு நின்று பேசுவதே எஜேயால்தான். அந்தத் தகுதி போதாதா?

உச்சியிலுள்ள கருவிகள் பனிச்சரிவு வருமென்று காட்டினால், நிலையத்துக் கணினி தொலைபேசி இணைப்பு வழியாக எங்களுக்குத் தானே எச்சரிக்கை அனுப்பும். குளிர்காலத்தில் மின்சாரம் படும் பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அது போய் வரும்போதெல்லாம் கணினி புதிதாகக் கிளம்பும். கண்டதெல்லாம் உள்ளே நுழையாமல் காக்கும் ஃபயர்வால் முந்திக்கொண்டு எழுந்துவிடும். இணைப்போ இன்னும் டயலே ஆகியிருக்காது. காக்க வேண்டிய வழி எதுவென்று தெரியாமல் அது எல்லாவற்றையும் அடைத்துவிடும். பிறகு இணைப்பு வந்தும் ஒரு வரிகூட வெளியே போகாது. நிலையத்தைக் கவனிக்கும், இதோ மேடையிலிருக்கும் நம் எர்மெக் என்ன செய்தார்? ஃபயர்வாலையே நிறுத்திவிட்டார். வைரஸ் புகுந்தது, கணினி படுத்தது, எச்சரிக்கை வரவில்லை. நாங்கள் பனிக்குள் புதைந்து, எப்படியோ மீண்டு வந்தோம்.

அந்த ஃபயர்வாலே வேண்டாம் என்று எல்லோரும் கத்தினோம். எஜே யாரையும் திட்டவில்லை. எர்மெக்கைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, கம்பளிக் கூடாரம் போடறப்ப முதல்ல எதை நிறுத்துவே?"

"கதவைத்தான் எஜே. அதுகூடவா தெரியாது?"

"அப்புறந்தானே பூட்டு? உன் கணினி கதவு நிக்கறதுக்கு முன்னாடியே பூட்டைத் தூக்கிட்டு அலையுது. நீ பூட்டே வேணாம்னு எறிஞ்சிட்டே. நல்ல ஜோடி போ."

இணைப்பு சேர்ந்ததும் அந்த இணைப்பே ஃபயர்வாலை எழுப்பும்படி மாற்றினார். அதுவரை டயலைத் தவிர வேறெதுவும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. பிறகு தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தார்.

"போதும் எஜே, மெஷின் செத்துரும்" என்று கெஞ்சினார் எர்மெக்.

"மெஷின் செத்தா வேற வாங்கிக்கலாம். கீழே பனி வாரிட்டு நிக்கறவன் செத்தா?"

போன வாரம் எஜேயின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகக் கணவாயின் அடிவாரத்தில் வண்டியோடு நின்றோம். அப்போது உச்சியில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. நிலையத்தில் ஆள் இல்லை. எர்மெக் எங்களோடு வண்டியில் அழுதுகொண்டிருந்தார். கணினி தானே எழுந்தது, டயல் செய்தது, ஃபயர்வாலை எழுப்பியது, செய்தி அனுப்பியது. சாலையை மூடச் சொன்னது. மூடினோம். நாங்கள் போயிருக்க வேண்டிய வழியில் சரிவு இறங்கியது.

"பாரு, எஜே இன்னைக்கும் நம்மளைத்தான் முதல்ல பாத்திருக்காங்க" என்றார் எர்மெக். அவரைப் பார்த்து நானும் அழுதேன்.

நண்பர்களே, அந்தக் காவலை இனி யார் சொன்னாலும் நிறுத்த மாட்டோம். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் பிளக்கை நாங்களே பிடுங்கிச் சோதிப்போம். கைகளை ஏந்துங்கள், எஜேக்காக வேண்டிக்கொள்வோம்.

நன்றி எஜே. எங்கள் ஆட்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.