மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம்

— இதையா சாப்பாட்டுப் பையில போட்டு, பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தீங்க?

— வேற எப்படிக் கொண்டு வர்றது தம்பி? தலையில வச்சா?

— ஒரு போன் பண்ணியிருந்தா நானே வண்டியோட வந்திருப்பேன்ல? அண்ணி, இது ராக்கெட் மோட்டார். பாக்க மெழுகுவத்தி கணக்கா சின்னதா இருக்கு, உள்ள இருக்கறது பூரா மருந்து. பக்கத்து சீட்டுக்காரன் ஒரு சிகரெட்டைப் பத்த வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

— பத்த வைக்கல. விடுங்க. வாதம் பண்ண எனக்குத் தெம்பில்ல.

— வீட்ல இன்னும் எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்காரா அண்ணன்?

— இல்ல. இது ஒண்ணுதான்.

— சரி, கொடுங்க. வாளித் தண்ணியில ஊறப் போட்டா காலையில கூழாயிடும். தொல்லை விட்டது.

— ஊறப் போடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? எரியணும். நான் பாக்கணும்.

— அண்ணி...

— கல்யாணம் ஆனதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா மனுஷன் வீட்ல தங்கினதில்ல. சோத்தை ஆற விட்டுட்டு, கல்லு வெட்டிப் போட்ட இந்தப் பள்ளத்துக்கு ஓடி வந்து அப்படி என்னத்தைத்தான் பாத்தாருன்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன். சாயங்காலம் அவரைக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போகணும். சீக்கிரம் ஆகட்டும்.

— சீக்கிரம்ங்கற வார்த்தையே இங்க ஆகாது அண்ணி. நாங்க நடத்தின ராக்கெட் கிளப்பை மூடினதுக்கு அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல. போலீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சு, வீட்ல எல்லாரும் திட்டி, எனக்கே இந்த மணல் மூட்டைகளைப் பாத்தா அலுப்பா இருக்கு. உங்களுக்காகத்தான்.

— தெரியும் தம்பி.

— அப்ப நான் சொல்றபடிதான் கேக்கணும். முதல்ல அந்த நைலான் சால்வையைக் கழட்டி வண்டியில போடுங்க. தீப்பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். இந்தக் கண்ணாடியை மாட்டுங்க. முடியை இறுக்கிக் கட்டுங்க.

— கட்டியாச்சு. கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது.

— பின்னால வார் இருக்கு பாருங்க, இழுங்க. ஆங். இப்ப இதைக் கொஞ்சம் பாத்துடறேன். காகிதக் குழாய்தான், நல்லவேளை. விரிசல் இல்ல, அடைப்பு இல்ல. சுத்தியிருக்கறதைப் பாருங்க, ஒரு சுருக்கம் கிடையாது.

— அப்படியா?

— காகிதம்னா வெடிச்சாலும் கந்தலாப் பறக்கும், அவ்வளவுதான். இரும்பு அப்படி இல்ல. துண்டு துண்டாக் கிழிச்சுக்கிட்டு வரும். படிச்சுப் படிச்சுச் சொன்னோம் அண்ணன்கிட்ட. "காகிதம் தாங்காதுடா, இது பெரிய மோட்டார்"னு இரும்புக் குழாயை எடுத்தாரு.

— ம். எதையும் பெருசாத்தான் பண்ணுவாரு.

— நீங்க இங்கயே, மூட்டைக்குப் பின்னால உக்காருங்க. இதுதான் ஒயர் வழியா மோட்டாரைப் பத்த வைக்கற பெட்டி. இந்தச் சாவியைச் சொருகாம பட்டனை அமுத்தினாலும் கரெண்ட் போகாது. அதனால மோட்டார்கிட்ட போறவன் பாக்கெட்லதான் சாவி இருக்கணும். எனக்கு என் பொண்டாட்டி மேலயும் நம்பிக்கை உண்டு, ஆனா சாவியைக் கொடுக்க மாட்டேன்.

— எனக்கும் வேண்டாம். போயிட்டு வாங்க.

— ...அண்ணி! கேக்குதா!

— கேக்குது! கத்தாதீங்க, தொண்டை போயிடும்!

— தீ வர்ற வாயை மேல பாக்க வச்சு, மண்ணுல பாதி புதைச்சிட்டேன்! எரிஞ்சா பூமியைத்தான் தள்ளும், பறக்காது! புல்லு ஏதாவது பக்கத்துல தெரியுதா?

— நீங்கதான் எல்லாத்தையும் செதுக்கித் தள்ளிட்டீங்களே! வாங்க!

— வந்துட்டேன். மூச்சு வாங்குது. வயசாகுதுல்ல. சாவி போட்டாச்சு. தண்ணி வாளி, மண்ணு வாளி ரெண்டும் இருக்கு. அண்ணி, நீங்க அமுத்துறீங்களா?

— நானா?

— பாக்கணும்னு வந்தீங்கள்ல. அஞ்சுல இருந்து சத்தமா எண்ணிட்டு அமுத்துங்க. தலை மூட்டைக்கு மேல வரக் கூடாது, ரெண்டு மூட்டைக்கு நடுவுல இருக்கற அந்தச் சந்து வழியாப் பாருங்க.

— அஞ்சு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு.

— ...

— என்ன தம்பி, ஒண்ணும் காணோம்?

— தீ பிடிக்கல. சாவியை எடுத்துட்டேன். எங்க எழுந்திருக்கீங்க? உக்காருங்க!

— ஒயர் கழண்டிருக்குமோன்னு...

— உக்காருங்க அண்ணி! கையெடுத்துக் கும்பிடறேன், உக்காருங்க.

— உக்காந்துட்டேன். ஏன் இப்படிக் கத்தறீங்க?

— அண்ணனுக்கு அடிபட்ட அன்னிக்கும் இதேதான் நடந்துச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன், கூட இருந்தவங்க சொன்னது. அமுத்தினாரு, எரியல. மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சாம். நனைஞ்சிடுமேன்னு நேரா போயி ரெண்டு கையாலயும் தூக்கியிருக்காரு. உள்ள எங்கயோ ஒரு கங்கு இருந்திருக்கு.

— இதை யாரும் என்கிட்ட சொல்லல. வலது கை மணிக்கட்டோட போச்சுன்னாங்க, இடது கையில கட்டைவிரல்தான் மிச்சம்னாங்க. எப்படின்னு ஒருத்தரும் சொல்லல.

— என்னன்னு சொல்றது?

— மழைக்குப் பயந்துதானா? அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். பிடிக்கலன்னா அரை மணி நேரமாவது கிட்ட போகக் கூடாது. இடி விழுந்தாலும் இந்தப் பக்கமே இருக்கணும். அதான் இப்ப உக்காந்திருக்கோம்.

— சரி, உக்காருவோம். எனக்கும் உக்காந்து ரொம்ப நாளாச்சு. காலையில எழுந்ததும் அவருக்குப் பல்லு தேய்ச்சு விடணும். ஊட்டணும். பட்டன் போட்டு விடணும். ஊட்டும்போது கண்ணை மூடிக்கறார் தம்பி. என்னைப் பாக்கக் கூடாதுன்னு மூடிக்கறார்.

— நான் வந்தப்பகூட சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அப்புறம் நான் வர்றதையே விட்டுட்டேன்.

— யார்கிட்டயும்தான் பேசல. டாக்டர் கேட்டாலும் தலையாட்டல்தான். வீடா அது? மாத்திரை டப்பா மூடுற சத்தம் தவிர ஒரு சத்தம் கிடையாது.

— இப்பவும் அப்படியேதானா?

— இப்பக் கொஞ்ச நாளாப் பேசறார்.

— நிஜமாவா? என்ன பேசறார்?

— என்னமோ பேசறார். நான் கேக்கறேன், அவரு சொல்றாரு. கோபம்கூட வருது. நேத்து என்னைப் பாத்து "மடச்சி"ன்னாரு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

— அப்பாடா. வாயைத் திறந்தாரே, அது போதும். இனிமே... அண்ணி, தலை! தலையைக் குனியுங்க!

— ஐயோ! என்ன சத்தம்!

— பிடிச்சிருச்சு! அசையாதீங்க! சந்து வழியா மட்டும் பாருங்க!

— அம்மாடி... நேரா மேல... எப்படி நிக்குது பாருங்க அந்தத் தீ!

— ஆடவே இல்ல. சீரா எரியுது. ...முடிஞ்சுது.

— முடிஞ்சுதா? இவ்வளவுதானா நேரம்?

— இவ்வளவுதான். எழுந்திருக்காதீங்க, அணைஞ்ச மாதிரி இருக்கும், நம்பக் கூடாது. அண்ணி, அழறீங்களா?

— கண்ணாடிக்குள்ள புகை போயிடுச்சு.

— கொஞ்சம் முன்னாடி எழுந்தீங்களே. விட்டிருந்தா அது பிடிச்சப்ப பக்கத்துலயே நின்னிருப்பீங்க.

— ம்.

— தண்ணி குடிங்க. ஆறட்டும்.

— ...

— சரி, இப்ப நான் போயிப் பாத்துட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க.

— இருக்கேன். பாத்துப் போங்க.

— ...அண்ணி, எடுத்துட்டு வந்துட்டேன், இங்க பாருங்க! எங்கயும் விரியல. வாய் வச்சது வச்சபடி இருக்கு. கிளப்ல எத்தனையோ பேரு செஞ்சாங்க, இப்படி ஒருத்தனுக்கும் வராது. என்ன இருந்தாலும் அண்ணன் கைவேலை தனிதான்.

— அவருக்கு இப்ப ஏது தம்பி கை? போன வாரம் கட்டில்ல படுத்துக்கிட்டே அவரு சொல்லச் சொல்ல, நான் செஞ்சது.